சாரங்கனின் சாப்பாட்டுப் பெட்டி

ஜனவரி 14, புதன்

இன்று தைப்பொங்கல். எங்கள் வீட்டில் பொங்கவில்லை. மகன் சாரங்கன் செத்து ஆண்டு திரும்பும்வரை நல்லநாள் பெருநாள் கிடையாது. முன்வீட்டு இரத்தினம் ஒரு சட்டியில் பொங்கலைக் கொண்டுவந்து வாசலோடு தந்துவிட்டுப் போனார். உள்ளே வரச் சொன்னேன். கார் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். துக்க வீட்டுக்கு வருகிறவர்களின் கார் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த டயரி தமிழ்க் கடையில் சும்மா கிடைத்தது. வீடு வாங்கி விற்கும் முகவர் ஒருவர் அடித்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு பக்க மூலையிலும் பல் தெரியச் சிரிக்கிறார். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தொழிற்சாலையில் என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மனிதர் இவ்வளவு சிரிக்கிறாரே, கீழே ஏதாவது எழுதிவைப்போம் என்று தொடங்குகிறேன்.

மத்தியானம் மங்களம் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, பிள்ளையின்ர சாப்பாட்டுப் பெட்டி எங்க?"

ஆஸ்பத்திரியில் போனும் பேர்ஸும் சப்பாத்தும் தந்தார்கள். அவன் வேலை செய்த கொம்பனி ஒரு மட்டைப் பெட்டியில் கோப்பையும் ஸ்வெட்டரும் அனுப்பியது. அந்த மூன்றடுக்குச் சில்வர் பெட்டியை ஒருவரும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேலைநாள் ஒவ்வொன்றும் விடிய ஐந்து மணிக்கு எழும்பி மங்களம் சோறு கறி வைத்து அனுப்பிய பெட்டி அது. பின்னேரம் வெறுமையாகத்தான் திரும்பி வரும். அதைக் கழுவும்போது அவள் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். அவன் தன் மேசையிலேயே தலையில் நரம்பு வெடித்து விழுந்த அன்று மட்டும் அது வீடு வரவில்லை.

"புதுசா ஒண்டு வாங்கலாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை.

"திவசத்துக்கு முன்னம் அது வரோணும். அண்டைக்கு அவன் சாப்பிட்டவனோ எண்டு எனக்குத் தெரியோணும். என்ர பிள்ளை பசியோட போட்டானோ எண்டு தெரியாமல் நான் என்னெண்டு படைக்கிறது?"

திதிப்படி திவசம் பெப்ரவரி 22. ஒரு வருடம் கழித்துக் கிடைக்கிற பெட்டி என்ன சொல்லப்போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

ஸ்காபுறோவிலிருந்து பஸ், பிறகு சுரங்க ரயில். சாரங்கன் வேலை செய்த கட்டடத்தின் வாசலில் நிற்கிற காவலாளி என்னை மேலே விடவில்லை. அட்டை இல்லாதவன் மேலே போக முடியாதாம். தொலைந்த பொருள் என்றால் கீழே போய்க் கேள் என்று ஒரு மின்படியைக் காட்டினார்.

கீழே ஓர் ஊரே இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடம், எனக்குத் தெரியாது. கட்டடத்துக்குக் கட்டடம் நிலத்துக்கு அடியிலேயே நடைபாதை. தையல்காரன், சப்பாத்துத் துடைக்கிறவன், பல் வைத்தியர், கடைகள் எல்லாம் கீழே. மேலே காது விறைக்கிற குளிர், கீழே பெட்டையள் கையில்லாச் சட்டையோடு போகிறார்கள். எந்தப் பக்கம் வடக்கு, எந்தப் பக்கம் வெளிச்சம் ஒன்றும் தெரியாது. நான் ஒரே பூக்கடையை மூன்றாம் தரமும் கடந்தபோது பூக்காரி எனக்குக் கை காட்டினாள்.

தொலைந்த பொருள்களின் தட்டில் ஒற்றைக் கையுறைகளும் குடைகளும் ஓர் ஊன்றுகோலும் இருந்தன. ஊன்றுகோலைத் தொலைத்தவர் எப்படி வீட்டுக்கு நடந்து போனாரோ. சில்வர் பெட்டி இல்லை.

பன்னிரண்டு மணியானதும் எல்லாப் படிகளாலும் சனம் இறங்கியது. கழுத்தில் அட்டை தொங்க, இரண்டு இரண்டு பேராகக் கதைத்துக்கொண்டு ஃபூட்கோர்ட்டுக்குள் வந்தார்கள். கடைக்குக் கடை வரிசை. பாதிப் பேர் சாரங்கனின் வயது. நான் ஒரு தூணோடு ஒதுங்கி நின்றேன். முழங்கால் நொந்தது, அதுதான் நின்றேன்.

பின்னேரம் மங்களம் கேட்டாள்: "பெட்டி?"

"இல்லை. பிறகும் போய்ப் பாக்கிறன்."

ஜனவரி 21, புதன்

முழங்கால் வீங்கிவிட்டது. ஐஸ் வைத்தேன். வாசல் பனியைத் தள்ளவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

இன்றும் போனேன். கீழே ஈ காக்கா இல்லை. பாதிக் கடைகள் கதவைச் சாத்தியிருந்தன. மேசை துடைக்கிற பிலிப்பினோப் பெண் சொன்னாள், ஒபிஸ்காரர் இப்போது செவ்வாய், புதன், வியாழன் மட்டும்தான் வருகிறார்களாம். திங்களும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலையாம். சாரங்கனும் அப்படிச் சொன்ன ஞாபகம். ஆனால் அவன் எல்லா நாளும் பெட்டியோடு புறப்பட்டான். வீட்டில் நானும் தாயும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்க அவனுக்கு அலுப்பாக இருந்திருக்கும்.

சும்மா ஒரு கதிரையில் இருந்தேன். அவன் இங்கேதான் எங்கேயோ இருந்து சாப்பிட்டிருப்பான். எந்தக் கதிரை என்று யாரைக் கேட்பது? எல்லாம் ஒரே நிறம்.

ஜனவரி 27, செவ்வாய்

மத்தியானம் வெளியில் வாங்கித் தின்ன வேண்டாம் என்று மங்களம் ஐஸ்கிறீம் டப்பாவில் சோறு கட்டித் தந்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பொரித்த மிளகாய். மூடியைத் திறந்ததும் எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் வாசம் நாலு மேசைக்குப் போனது. சூப் கிண்ணத்தோடு கடந்து போன ஒருவர் நின்றுவிட்டார். முதலில் டப்பாவைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க சாரங்கனுக்கு அப்பாதானே?"

நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. கழுத்தில் அதே கொம்பனியின் அட்டை. பெயர் இசக்கிமுத்து, ஊர் கோவில்பட்டிப் பக்கம் என்றார். சாரங்கனோடு ஒரே மாடியில் வேலையாம். மனைவியும் மகளும் விசாவுக்காக ஊரில் காத்திருக்கிறார்கள், இவர் இங்கே ஒரு வீட்டின் நிலவறையில் ஒற்றை அறையில் இருக்கிறார். என்னை மரணச் சடங்கில் பார்த்தாராம்.

"மண்டபத்துக்கு வந்தேன் ஐயா. பின்னாலயே நின்னுட்டுப் போயிட்டேன்."

"ஏன் தம்பி, கதைச்சிருக்கலாமே."

அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரே இருந்தார். பிறகு, "பெட்டி எங்கிட்டதான் இருக்கு ஐயா" என்றார்.

சொல்லி முடிக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது, கேட்டு முடிக்க எனக்கு. சாரங்கன் தாயின் சோற்றைச் சாப்பிடவே இல்லை. முதல் ஒன்றிரண்டு மாதம்தான் சாப்பிட்டான். பிறகு ஒருநாள் இவர் காய்ந்த பாண் ரொட்டியை வைத்துக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பெட்டியை இவர் பக்கம் தள்ளினானாம்.

"ராத்திரியும் சோறு, மத்தியானமும் சோறு, மீட்டிங்ல தூக்கம் வருதுண்ணே, அம்மாகிட்ட சொன்னா மனசு உடைஞ்சுரும், நீங்க சாப்பிடுங்கன்னு சொன்னான். சும்மா வாங்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அதனால அவனுக்கு நான் சூப் வாங்கிக் குடுப்பேன். ரெண்டு வருசம் இப்படியே ஓடிருச்சு ஐயா."

"அந்தச் சோறு முழுக்க நீங்களோ சாப்பிட்டது?"

"நான்தான். கழுவியும் குடுப்பேன். அன்னைக்கும் பெட்டி என் மேசையிலதான் இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தேன். அந்த அம்மா அழுததைப் பாத்ததும், நீங்க ஆக்கிக் குடுத்ததெல்லாம் நான்தான் தின்னேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அன்றைக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். மேசை துடைக்கிற பெண் வருகிறாள், டப்பாவை எடுப்போம் என்றேன். அவள் வரவில்லை. பாதிச் சோற்றை அவருக்குத் தள்ளினேன். கறிவேப்பிலைகூட விடாமல் சாப்பிட்டார்.

ஜனவரி 28, புதன்

"பெட்டி?" என்றாள். "தேடுறன்" என்றேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

முத்து காட்ட, சாரங்கனின் கதிரையைப் பார்த்தேன். சூப் கடைக்கு முன்னால், சுவரோரம். பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் வாழை. ஒன்றும் விசேஷமில்லை. அதில் ஒரு பெண்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் எழும்பும்வரை நின்றேன். எழும்பியபிறகு நான் அதில் இருக்கவில்லை, எதிரில் இருந்தேன்.

முத்து பெட்டியை நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றார். இப்போது வேண்டாம் என்றேன். பனிக்காலம், பஸ்ஸில் தவறிவிடும். திவசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதோடு, அதை மங்களத்திடம் கொடுத்தால் எங்கே இருந்தது என்று கேட்பாள், எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும். மகன் சாப்பிடுகிறான் என்ற நினைப்பிலேயே விடியற்காலைகளைக் கழித்தவள். அவளிடம் போய், உன் சோற்றை அவன் தொடவில்லை என்று சொல்ல நான் என்ன கல்லா?

நியாயமான காரணங்கள்தான். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

பெப்ரவரி 5, வியாழன்

முத்து சாரங்கனைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் பார்ப்பதற்காகப் பல்வலி என்று பொய் சொன்னானாம். முத்துவின் மகள் போனில் கணக்குக் கேட்டால் இவன்தான் சொல்லிக் கொடுப்பானாம். என்னைப் பற்றியும் சொல்வானாம்: "எங்கட அப்பா வாய் திறந்தா நக்கல்தான், ஆனா எனக்குக் காய்ச்சல் எண்டா முதல் அழுகிறது அவர்தான்."

ஃபூட்கோர்ட்டில் வெங்காயம் கூடுதலாக வதக்குகிறார்கள். கண் எரிகிறது.

பெப்ரவரி 10, செவ்வாய்

காலையில் மங்களம் திவசத்துக்கு என்னென்ன கறி என்று யோசித்தாள். "பயித்தங்காய் எண்டா உயிர். ஒரு துண்டு மிஞ்சாது" என்றாள். நான் காய் நறுக்கிக்கொண்டே, "நூடில்சும் விருப்பமெல்லே அவனுக்கு?" என்றேன்.

கையை நிறுத்தினாள். "ஆர் சொன்னது?"

"சும்மா."

டப்பாவில் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டாள். "இவ்வளவு எனக்கெதுக்கு?" என்றேன். மிஞ்சினால் கொண்டுவரட்டாம். மிஞ்சவில்லை.

பெப்ரவரி 12, வியாழன்

டப்பாவைத் திறந்தால் பாவற்காய். அதுவும் கொஞ்சமல்ல. எங்கள் வீட்டில் தகப்பனும் மகனும் பாவற்காயைக் கண்டால் மேசையை விட்டு எழும்புகிறவர்கள். முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? மனம் சரியில்லாத மனுஷி, மறந்துவிட்டாள்போல.

முத்துவுக்கு நல்ல சந்தோசம். "இதெல்லாம் கிடைக்குமா ஐயா இங்க" என்று ஒரு துண்டு விடாமல் தின்றார். டப்பாவையும் கழுவித் தந்தார். வீட்டில் கொடுத்தேன். மங்களம் வாங்கி, உள்ளே பார்த்து, கழுவின டப்பாவைத் திரும்பவும் கழுவினாள்.

இன்று ஏனோ "பெட்டி?" என்று கேட்கவில்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

நான் கோட்டு மாட்டும்போது மங்களம் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை திவசத்துக்கு உங்கட சாப்பாட்டுக் கூட்டாளியையும் வரச் சொல்லுங்கோ."

"எந்தக் கூட்டாளி?"

"ஆரெண்டு நான் கேக்கேல்ல. வரச் சொல்லுங்கோ."

ரயிலில் போகிற வழியெல்லாம் இதையே யோசித்தேன். முத்துவிடம் சொன்னேன். "பெட்டியைக் கொண்டு வரவா ஐயா?" என்றார். கொண்டு வாங்கோ என்று சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. பெட்டி வீடு போய்விட்டால் எனக்குக் கீழே என்ன வேலை?

பெப்ரவரி 22, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

ஐயர் வந்து கிரியை முடித்துப் போய்விட்டார். சாரங்கனின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். காகத்துக்கு ஒரு பிடி எடுத்துப் பின்பக்கப் பலகையில் வைத்தேன். காகம் எடுத்தபிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். ஊரில் கூப்பிட முன்னமே வந்து நிற்கும். இங்கே இந்தப் பனியில் எங்கே வரப்போகிறது? ஓர் அணில் வந்து வடையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியது. இரத்தினம், அணில் எடுத்தாலும் கணக்குத்தான் என்றார், அவருக்குப் பசி. மங்களம் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவோடு நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது முன்கதவு மணி அடித்தது. முத்து. தலையெல்லாம் பனி. நெஞ்சோடு ஒரு துவாய் மூட்டை. யாரும் எதுவும் சொல்ல முன்னம் துவாயை விரித்து இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினார். நன்றாக மினுக்கி வைத்திருந்தார்.

மங்களம் வாங்கினாள். திறக்கவில்லை. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களோ தம்பி?"

"ஆமாம்மா."

நான் முந்திக்கொண்டேன். "மங்களம், நான் சொல்லுறன். இவர் ஆரெண்டா..."

"எனக்குத் தெரியும். சும்மா இருங்கோ" என்றாள். பிறகு முத்துவைப் பார்த்துச் சொன்னாள்: "என்ர பிள்ளை கறிவேப்பிலையும் மிளகாயும் ஒதுக்கி வைக்கிறவன். பெட்டி ஒண்டும் இல்லாமல் வரத் தொடங்கிச்சுது. எனக்கு ஐமிச்சம். அவன் இருக்கேக்க ஒருநாள் வேணுமெண்டு பாவக்காய் வைச்சனான். அதுவும் இல்லை. அண்டைக்கே தெரியும், வேற ஆரோ சாப்பிடீனம் எண்டு."

"ஏனப்பா அவனைக் கேக்கேல்ல?" என்றேன்.

"கேட்டா அடுத்த நாள் பெட்டியைக் கொண்டு போகமாட்டான். அதைச் சாப்பிடுற மற்றப் பிள்ளை பட்டினி கிடக்கும். நல்ல பசிக்காரன் ஆரோ எண்டு விளங்கினது, ஓர் அகப்பை கூடப் போட்டன்." என் பக்கம் திரும்பினாள். "பெட்டிக்கோ நான் உங்களை அனுப்பினது? அது எனக்கெதுக்கு? அதை வைச்சிருக்கிறவரைத்தான் தேடினனான். கூட இருந்த ஆளுக்குத்தானே தெரியும்."

ஒரு மாதமாகப் பின்னேரம் பின்னேரம் இவள் "பெட்டி?" என்று கேட்டாள். பதில் தெரிந்த மனிதரோடு இருந்து சோறு தின்றுவிட்டு வந்து நான் "தேடுறன்" என்றேன். பெரிய கெட்டிக்காரன்.

மங்களம் முத்துவிடம் திரும்பினாள். "தம்பி, மறைக்காமல் சொல்லுங்கோ. அண்டைக்கு அவன் சாப்பிட்டவனோ?"

"சாப்பிட்டாம்மா." முத்து அழத் தொடங்கிவிட்டார். "வயிறு நிறையச் சாப்பிட்டான். கோழி சூப். பெரிய கிண்ணம். நூடுல்ஸைத் தின்னுட்டு, கிண்ணத்தோட தூக்கி மிச்சத்தையும் குடிச்சான். இன்னைக்கு நல்லா இருக்குண்ணேன்னு சொன்னான். உங்க பயத்தங்காயில ரெண்டு துண்டையும் எடுத்து வாயில போட்டுக்கிட்டான். சிரிச்சுக்கிட்டேதான் மேல போனான்மா."

"ரெண்டு துண்டு எடுத்தவனோ?"

"எடுத்தாம்மா. தினமும் எதையாவது எடுப்பான்."

மங்களம் அப்படியே தரையில் இருந்துவிட்டாள். பிள்ளை போன அன்றுகூட இப்படி அழவில்லை. இரத்தினத்தின் மனைவி பிடிக்கப் போனாள், நான் வேண்டாம் என்றேன். நானும் அழுதேன். இதற்கு வெங்காயம் காரணமில்லை.

பிறகு எழும்பி முகம் கழுவினாள். இன்னோர் இலை போட்டாள். "இருங்கோ தம்பி" என்று முத்துவை இருத்தி, தன் கையால் சோறு போட்டாள். காகம் இன்னும் வரவில்லை என்று இரத்தினம் ஞாபகப்படுத்தினார். மங்களம் கதவின் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் பயித்தங்காய் பரிமாறினாள்.

பெப்ரவரி 24, செவ்வாய்

விடிய ஐந்து மணிக்கு அடுக்களையில் வெளிச்சம். பழையபடி தாளிக்கிற சத்தம். நான் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஞாபகம் வந்தது.

சில்வர் பெட்டி முத்துவுக்கு, ஐஸ்கிறீம் டப்பா எனக்கு. மங்களமும் கோட்டு மாட்டிக்கொண்டாள். கீழே அந்தப் பாதைகளைப் பார்த்து, "இதுக்குள்ளயோ என்ர பிள்ளை ஒவ்வொரு நாளும் நடந்தவன்" என்றாள். பூக்காரிக்கு நான் கை காட்டினேன்.

அவன் கதிரையில் நான் இருக்காமல் விட்டேன். அவள் போய் இருந்தாள். முத்து பெரிய கிண்ணத்தில் கோழி சூப் வாங்கிவந்து வைத்தார். கரண்டியால் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"உப்புக் காணாது" என்றாள்.

பிறகு இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி வாயில் வைத்தாள். முகம் முழுதும் மறைந்துவிட்டது. சுற்றிலும் சனம் தட்டுகளோடு இடம் தேடிப் போய்க்கொண்டிருந்தது. சூப் எப்போதோ முடிந்திருக்கும். அவள் கிண்ணத்தை இறக்கவில்லை. நானும் முத்துவும் எங்கள் சோற்றைப் பிசையத் தொடங்கினோம்.